சேதுபதி கையில் கொடுத்த மிஷின்

சேதுபதி கடைக்குள் வந்தபோது ரத்தினம்மா குனிந்து ஆணி நிறுத்துக்கொண்டிருந்தாள். ஆளைப் பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. "பாய் இல்லையா?" என்ற அந்த ஒரு கேள்வியே போதுமாயிருந்தது. ஐந்து வருஷமாக அவள் காதைவிட்டுப் போகாத குரல் அது.

"ஜும்மாவுக்குப் போயிருக்காங்க. என்ன வேணும், சொல்லுங்க" என்றாள். 

சிங்கப்பூர் டன்லப் தெருவில் நாகூர் கனியின் இரும்புச் சாமான் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து அப்போது நாலரை வருஷம் ஆகியிருந்தது. அறுபத்தொன்றில் அவள் புருஷன் தங்கராஜு செத்துப் போனான். புக்கிட் மேராவில் அடுக்குமாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். கால்வாய்க்குப் போடும் சிமெண்டுக் குழாய்களை அளவுக்கு வெட்டும் வேலையை சேதுபதி எடுத்திருந்தான். அவனுக்குக் கீழேதான் தங்கராஜு வேலை பார்த்தான். கையில் பிடித்து வெட்டும் டிஸ்க் கட்டர் ஒன்று அவர்களிடம் இருந்தது. அதில் மாட்டும் வெட்டுத் தட்டு தீர்ந்துபோன ஒரு நாள் காலையில், வேலை நிற்கக்கூடாது என்று சேதுபதி பட்டறைக்குப் போய், தரையில் பூட்டி வைத்திருக்கும் பெரிய மிஷினின் தட்டைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான். தட்டு பெரிசு, மேலே காப்பாக மூடியிருந்த கார்டுக்குள் அது அடங்கவில்லை. கார்டைக் கழற்றி எறிந்தான். அந்தத் தட்டு மெதுவாகச் சுற்றுவதற்கென்று செய்தது. கை மிஷினின் வேகம் அதைப்போல இரண்டு மடங்கு. மூன்றாவது குழாயில் தட்டு வெடித்தது. ஒரு துண்டு தங்கராஜுவின் கழுத்தில் இறங்கியது.

இதையெல்லாம் பிணவறை வாசலில் அவளிடம் சொன்னவன் கூடவே வேலை பார்த்த இப்ராஹீம். சொல்லிவிட்டு, "அக்கா, என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க. நாலு பிள்ளைங்க இருக்கு" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

விசாரணையில் சேதுபதி சத்தியம் செய்துவிட்டுச் சொன்னது வேறு. "நான் ஆள் அனுப்புறவன். மிஷினைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அவனேதான் கார்டைக் கழட்டினான். காலையிலேயே கள்ளுக்கடைக்குப் போயிட்டு வந்திருந்தான், வாடை அடிச்சுது." எழுதுகிறவர் அப்படியே எழுதிக்கொண்டார். தங்கராஜு பொங்கலுக்குக்கூடக் குடிக்காதவன். முக்காட்டைப் போட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ரத்தினம்மா எழுந்து, "பொய், பொய்" என்று கத்தினாள். வெளியே கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அன்றிலிருந்து அவள் 'குடிச்சிட்டுச் செத்தவன் பொண்டாட்டி'. மகள் கமலா பள்ளிக்கூடத்தில் 'கள்ளுக்கடை மக'. ஒரு நாள் அந்தப் பிள்ளை, "அம்மா, அப்பா நிஜமாவே குடிச்சாராம்மா?" என்று கேட்டது. அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தவனை உயிரோடு விடக்கூடாது என்று அன்றைக்கு ரத்தினம்மா நினைத்தாள்.

வேலை தேடியபோது துணிக்கடை கிடைத்தது, சாப்பாட்டுக்கடை கிடைத்தது. இரண்டையும் விட்டுவிட்டு இரும்புக் கடைக்குப் போய் நின்றாள். தன் புருஷனைக் கொன்றது எது, எப்படி என்று அவளுக்குத் தெரிந்தாகவேண்டும். கூட்டிப் பெருக்கவும் கோப்பி கலக்கவும் நாகூர் கனி சேர்த்துக்கொண்டார். வருகிற மெக்கானிக்குகளை எல்லாம் அவள் கேள்வி கேட்டே துளைத்தாள். தட்டின் லேபிளில் இருக்கிற இங்கிலீஷை கமலாவை வைத்துப் படித்துப் பழகினாள். இரண்டு வருஷத்தில் கட்டிங் மிஷின் வாங்க வருகிறவர்கள் பாயை விட்டுவிட்டு, "ஆயாவைக் கூப்பிடுங்க" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டாள்.

இப்போது சேதுபதி அவளுக்கு எதிரே நிற்கிறான். தொப்பை விழுந்திருந்தது. கையில் தங்கக் கடிகாரம். அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிவதற்கு, அவன் அவள் முகத்தைப் பார்த்ததே கிடையாது.

அவனோடு வந்தவர் அம்பிகைபாகன். பெரிய கட்டடக் கம்பெனி ஒன்றில் சாமான் வாங்கும் பொறுப்பில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா.

"அம்மா, எங்களுக்கு ஒரு டிஸ்க் கட்டர் வேணும்" என்றார் அவர். "சைட்டிலயும் பாவிக்க வேணும், பட்டறையிலயும் பாவிக்க வேணும். குழாயும் வெட்டோணும், கம்பியும் வெட்டோணும். இவருக்குத்தான் கால்வாய் வேலை முழுக்கக் குடுக்கிற யோசனை. மிஷினும் இவர் பொறுப்பிலதான் இருக்கும். அதுதான் கையோட கூட்டிவந்தனான்."

"சார், நீங்க கவலையே படாதீங்க லா. மிஷின் விஷயத்துல என்னை ஏமாத்த எவனாலயும் முடியாது" என்றான் சேதுபதி.

ரத்தினம்மாவின் காதில் அது சுருக்கென்று விழுந்தது. மிஷினைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது என்று சத்தியம் பண்ணிய வாய்.

அவனைப் பழிவாங்க அவளுக்கு முதலில் தோன்றியது ஒரு சுலபமான வழி. மேசைக்கு அடியில் ஒரு பெட்டி இருந்தது. மழைத் தண்ணீரில் ஊறி உறுதி போனதால் ஏஜெண்டுக்குத் திருப்பி அனுப்ப ஒதுக்கிவைத்த தட்டுகள். பார்வைக்குப் புதுசு மாதிரியே இருக்கும். மிஷினோடு அதில் நாலைக் கட்டிக் கொடுத்தால் போதும். யாருக்கும் தெரியாது. அவள் கை பெட்டிவரைக்கும் போய்விட்டது.

"நீங்கதான் ஓட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

"நானா?" சேதுபதி சிரித்தான். "நம்ம பயலுங்க எதுக்கு இருக்கானுங்க?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அந்தத் தட்டு வெடித்தால் எவளோ ஒருத்திதான் பிணவறை வாசலில் போய் நிற்பாள். சேதுபதி மறுபடியும் சத்தியம் செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். அவளுக்கு வேண்டியது சேதுபதி. வேறு யாரும் இல்லை.

மூன்று மிஷின்களை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இது பெட்ரோல்ல ஓடுறது. கரண்ட் இல்லாத சைட்டுக்கு நல்லது. ஆனா பட்டறைக்குள்ள ஓட்டினா புகை மண்டிடும், மூச்சு முட்டும். உங்க சைட்ல கரண்ட் இருக்கா சார்?"

"ஓம், போன மாதம் வந்திட்டுது."

"அப்போ இந்த ஒம்பது இஞ்சு கரண்ட் மிஷின் போதும். இன்னொண்ணு சின்னது, கம்பி வெட்டும். குழாய்க்கு ஆழம் பத்தாது." சொல்லிவிட்டு சேதுபதி பக்கம் திரும்பினாள். குரலைத் தழைத்துக்கொண்டாள். "நான் பொம்பள, கடையில கேட்டதைச் சொல்றேன். நீங்க விஷயம் தெரிஞ்சவங்க. எதைப் பார்த்து வாங்கணும்னு நீங்களே சாருக்குச் சொல்லுங்களேன்."

அவனுக்கு அது போதும். மிஷினைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்த ஆரம்பித்தான். "சார், முதல்ல சுவிட்ச். கையை எடுத்தா நிக்கணும், இந்தா பாருங்க. தானா ஓடிட்டே இருக்கிற மாதிரி இருந்தா வாங்கவே கூடாது. அப்புறம் கனம். நாள் பூரா பிடிக்கிறவன் கை சோர்ந்தா மிஷின் துள்ளும்."

"கார்டு எதுக்குங்க? அது இல்லாட்டி இன்னும் ஆழமா வெட்டலாம்னு சில பேர் கழட்டச் சொல்றாங்களே?" என்று கேட்டாள் ரத்தினம்மா.

"கழட்டுறவன் முட்டாள்! கார்டு இல்லாம இதைத் தொடவே கூடாது."

"தட்டு எதை வேணும்னாலும் மாட்டலாம்ல?"

"உனக்கு என்னம்மா தெரியும்? மிஷின் வேகத்தைவிடத் தட்டு தாங்குற வேகம் கூட இருக்கணும். லேபிள்லயே போட்டிருப்பான். பட்டறைத் தட்டைக் கொண்டாந்து இதுல மாட்டினா வெடிச்சுச் சிதறிடும். ஆள் காலி."

அம்பிகைபாகன் திருப்தியாகத் தலையாட்டினார். "நீர் நல்லாத்தான் படிச்சு வச்சிருக்கிறீர். எப்ப பழகினது?"

"ஐம்பத்தெட்டுலயே சார். ஒரு வெள்ளைக்காரன் கம்பெனியில ரெண்டு வருஷம் மிஷின் பார்த்தேன்."

ஐம்பத்தெட்டு. ரத்தினம்மா மனதுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தங்கராஜு சாவதற்கு மூன்று வருஷம் முந்தி.

"பின்கட்டுல குழாய்த் துண்டு கிடக்கு. ஒரு வெட்டு வெட்டிக் காட்டுங்க. சாரும் பார்க்கட்டும்" என்றாள்.

அவர்கள் இரண்டு பேரும் பின்கட்டுக்கு நடந்தார்கள். அவள் உள்ளறைக்குள் போனாள். ரிப்பேருக்கு வந்து கேட்பாரில்லாமல் கிடந்த பழைய மிஷின் ஒன்று அங்கே இருந்தது, கார்டு கிடையாது. தரை மிஷினின் பெரிய தட்டு ஒன்றை எடுத்து அதில் மாட்டினாள். மரையை இறுக்கும்போது கை வேர்த்து வழுக்கியது. சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் இறுக்கினாள்.

வெளியே கொண்டுவந்து பிளக்கைச் செருகினாள். சுவரில் சுவிட்சைப் போட்டாள்.

"சார், நீங்க அந்தத் தூணுக்குப் பின்னால போய் நில்லுங்க" என்றாள் அம்பிகைபாகனிடம். அவர் ஒன்றும் புரியாமல் நகர்ந்தார். அவள் மட்டும் சேதுபதிக்கு எதிரே, இரண்டடி தள்ளி, நகராமல் நின்றாள். மிஷினை அவன் கையில் கொடுத்தாள்.

"வெட்டுங்க."

சேதுபதி குனிந்து பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"யார் இதை மாட்டினது? கார்டு எங்க?"

"அது கிடக்கட்டும். வெட்டுங்க."

"பட்டறைத் தட்டும்மா இது! தொட்டாலே வெடிக்கும். கழுத்து போயிடும்." மிஷினைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "என்னைக் கொல்லப் பாக்குறியா?"

"ஆமா" என்றாள் ரத்தினம்மா. "தங்கராஜு கையில நீங்க கொடுத்தீங்களே, அதே மாதிரிதான் கொடுத்தேன். எம் புருஷன் வாங்கிக்கிட்டார். சுவிட்சையும் போட்டார். அவருக்கு லேபிள் படிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஐம்பத்தெட்டுல இருந்தே தெரியும்."

இப்போதுதான் சேதுபதி முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"சார், இது பைத்தியம். இவ புருஷன் ஒரு குடிகாரன்..."

சொல்லி முடிக்கவில்லை. அவள் கை அவன் கன்னத்தில் இறங்கியது. ஐந்து வருஷத்துக் கை அது. அவன் தடுமாறிக் குழாய்த் துண்டின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

அம்பிகைபாகன் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தார். முதலில் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினார். பிறகு, "அம்மா, என்ன நடந்தது எண்டு முதல்ல இருந்து சொல்லுங்கோ" என்றார். அவள் சொன்னாள். விசாரணையில் அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு மனப்பாடம். சேதுபதி இரண்டு தரம் குறுக்கே பேசப் பார்த்தான். "நீர் பேசாமல் இரும். நீர் சொன்னதையும் நான் என்ர காதால கேட்டனான்" என்று அவர் அவன் வாயை அடைத்துவிட்டார்.

கால்வாய் வேலை அவனுக்குப் போகவில்லை. அதோடு அவரும் விட்டுவிடவில்லை. கேட்டதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு வக்கீலிடம் கொண்டுபோனார். ரத்தினம்மா இப்ராஹீம் வீட்டுக்குப் போனாள். "அன்னைக்கு நாலு பிள்ளைங்க இருக்குன்னு சொன்னீங்க. எனக்கும் ஒரு பிள்ளை இருக்கு" என்று மட்டும் சொன்னாள். இந்தத் தடவை அவன் வருகிறேன் என்றான். மறுவருஷம் விசாரணை மறுபடியும் நடந்தது. தங்கராஜு குடித்திருக்கவில்லை, தவறு அவனுடையது அல்ல என்று எழுதினார்கள். சேதுபதிமேல் பொய்ச் சத்தியத்துக்கு வழக்குப் போட்டார்கள்.

தீர்ப்புக்கு முதல்நாள் சாயங்காலம் சேதுபதி அவள் குடியிருந்த வீட்டுக்கு வந்தான். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. கடிகாரத்தைக் காணோம். நடையில் பக்கத்து அறைக்காரர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

"தங்கச்சி, மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை எழுதிக் கொடு. ஜட்ஜு இரக்கப்படுவார்னு வக்கீல் சொல்றார்."

"எம் புருஷன் குடிச்சாரா?"

"இல்ல."

"சத்தமா சொல்லுங்க. இவங்களுக்கெல்லாம் கேக்கணும்."

"குடிக்கல. தங்கராஜு குடிக்கல. தப்பு என்னோடது." அவன் அழுதான்.

கமலா அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். ரத்தினம்மா அவளைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்தி, அவனை இன்னொரு தடவை சொல்லவைத்தாள். அவன் சொன்னான். பிறகு ஆசையோடு அவள் முகத்தைப் பார்த்தான்.

"நான் மன்னிக்கல" என்றாள். கதவைச் சாத்தினாள்.

மறுநாள் அவனுக்குப் பதினெட்டு மாதம் கொடுத்தார்கள். வண்டியில் ஏற்றும்வரை ரத்தினம்மா வாசலில் நின்று பார்த்தாள். அவன் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுவதையும் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை.

கூட நின்ற இப்ராஹீம் மெல்லக் கேட்டான்: "பாவமா இல்லையாக்கா?"

"இல்ல" என்றாள் அவள். "இன்னும் ரெண்டு வருஷம் கூடக் கொடுத்திருக்கலாம்."