கெங்கம்மாவின் பாடு நாள்

எண்ணூர் படகு விழா முடிந்து முப்பது மணி நேரம் ஆகியிருந்தது. கங்கையம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. நடுவில் கெங்கம்மாவின் வலை கிடந்தது. படகு இன்ஜின் காற்றாடி இழுத்துக் கிழித்த வலை.

எங்கள் ஆற்றில் நினைத்த நாளில் வலை போட முடியாது. வீட்டுக்கு வீடு முறை வரும். அதைப் பாடு என்போம். அமாவாசையை ஒட்டி வரும் பாடு நாளில்தான் இறால் நன்றாக விழும். கெங்கம்மாவுக்கு இந்த வருடம் அது ஒரே ஒரு முறை வந்தது. அன்றுதான் படகு விழா வைத்து, பாரம்பரிய மீன்பிடிப்பைக் காட்டுகிறோம் என்று சுற்றுலா நிறுவனத்தார் ஆறு விசைப்படகுகளில் ஆட்களை ஏற்றி வந்தார்கள். படம் எடுக்க வலை மேலேயே ஓட்டினார்கள்.

யாருக்கு எந்த நாள் என்று எழுதிய பாடு நோட்டு குமாரவேல் அண்ணனிடம் இருக்கும். வெளியாளுக்கு நாள் தெரிந்ததென்றால் அவர்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"இன்னா நைனா, ஒரு பிரியாணி பொட்டலத்துக்கு ஊர வித்துட்டியா?" என்றார் கூட்டத்திலிருந்த ரவிக்குமார்.

"நான் சொல்லல. அம்மா மேல ஆணை."

"அப்ப ஆத்து நண்டு போய் சொல்லிச்சா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். கெங்கம்மா சிரிக்கவில்லை.

"வலைய தெச்சுக்கலாம். அந்தத் தண்ணி மறுபடி எப்ப வரும்? அத்த சொல்லு."

அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஊர்த் தலைவர் தீர்ப்பைச் சொன்னார். ஒரு வருடம் குமாரவேல் வீட்டுக்குப் பாடு கிடையாது. நோட்டையும் ஒப்படைக்க வேண்டும். அவர் மனைவி மங்கம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

நான் பெண்களுக்குப் பின்னால் நின்றேன். வேதியியல் படித்துவிட்டு, மூன்று மாதமாக அந்த நிறுவனத்தில் வழிகாட்டி வேலை. அடையாள அட்டை பைக்குள் இருந்தது. ஊரைப் பற்றிக் கையேடு எழுத வேண்டும் என்று நோட்டை இரவல் கேட்டவள் நான். "நல்லா எழுது கண்ணு, நம்ம ஊரு பேரு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று அண்ணன் கொடுத்தார். வலை விரித்துக் கிடக்கும் நல்ல நாள் எது என்று ஆபீஸில் கேட்டார்கள். கரையில் நின்று பார்ப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

குமாரவேல் அண்ணன் என் பெயரைச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. நோட்டில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு நீட்டினார். தலைவர் கை நீட்டினார்.

நான் ஏதோ சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

"யாரும்மா அது? சத்தமா சொல்லு."

"அந்த நாள அவங்களுக்குச் சொன்னது நான்தான்."