ஆஸ்பத்திரிக்கு வந்த வீடு

புற்றுநோய் வார்டில் படுத்திருந்த சிறுமி வாயாடிக்கு மூன்றாம் முறை மருந்து ஏற்றிய வாரத்தில், அவளும் பெற்றோரும் ஊரில் பூட்டிவிட்டு வந்த வீடு தானாகக் கிளம்பி ஆஸ்பத்திரிக்கு எதிரில் வந்து நின்றது. மருந்துக் கடையை ஒட்டிக் காலியாகக் கிடந்த மனையில், விடிந்து பார்த்தால் இரண்டு அறையும் சமையலறையும் பச்சைக் கதவுமாக இருந்தது. ரயிலிலேயே தூங்கி எழுந்து வர வேண்டிய தூரம். அடிச்சுவரில் சேறும் தாரும் அப்பியிருந்ததால் சாலை வழியாகத்தான் வந்திருக்கும் என்று மருந்துக் கடைக்காரர் சொன்னார். ஊரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி போன் செய்து, உங்கள் வீட்டைக் காணோம், பழைய செருப்புகள் மட்டும் கிடக்கின்றன, எடுத்து வைக்கவா என்று கேட்டாள்.

வாயாடியின் அப்பா கொத்தனார். அந்த வீட்டைக் கட்டியதே அவர்தான். சுவருக்குச் சுவர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். இவ்வளவு தூரம் வந்தும் ஒரு மூலைகூட விலகவில்லை என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனாலும் அஸ்திவாரத்தை இன்னும் ஆழமாகப் போட்டிருந்தால் இப்படி நடையைக் கட்டியிருக்காது என்று தன்னையே நொந்துகொண்டார்.

அம்மாவுக்குத்தான் பயம். அந்த வார்டில் வீடு என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பெரிய டாக்டர் கட்டிலருகே வந்து, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றால், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். பக்கத்துக் கட்டில் பிள்ளையை அப்படித்தான் போர்வையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் சொல்லும்வரை பொறுக்காமல் வீடே புறப்பட்டு வந்திருக்கிறது என்றால், அதற்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அவள் ஜன்னலில் துண்டைக் கட்டி மறைத்தாள். புருஷன் போய் அந்த வீட்டில் படுத்துக்கொண்டபோதும் அவள் அதன் படியேறவில்லை.

மகளுக்கு வாயாடி என்ற செல்லப் பெயர் பொருந்தாமல் போய் வெகு நாளாகியிருந்தது. முடியெல்லாம் கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் வேண்டுமென்றாலும் விரலைத்தான் அசைத்தாள். பிறகு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஏற ஏற வீடும் நகர்ந்தது. சாலையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றபோது பஸ்காரர்கள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, ஒதுங்கிப் போகப் பழகிக்கொண்டார்கள். ஆம்புலன்ஸ் வழியை மட்டும் மறைக்காமல் பார்த்துக்கொள்ளம்மா என்று வாட்ச்மேன் வீட்டிடம் தன்மையாகச் சொன்னார். மருந்துக்கும் காய்ச்சல் கட்டுப்படவில்லை என்று நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்ட அன்று, பச்சைக் கதவு ஆஸ்பத்திரி கேட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

அன்று மத்தியானம் அம்மா படியிறங்கிப் போனாள். தெருவே பார்க்கிறதே என்ற கூச்சம் அவளுக்கு இல்லை.

"எம் பிள்ளைய நீ கூட்டிட்டுப் போக வேணாம். இன்னும் ஒரு அடி எடுத்து வச்சே, கட்டுன ஆளையே விட்டு இடிக்கச் சொல்லிருவேன்."

சொல்லிக்கொண்டே சுவரில் கைவைத்துத் தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவர் கொதித்தது. வெயில் சூடு இல்லை. காலையிலிருந்து மகளின் நெற்றியில் தொட்டுத் தொட்டுப் பார்த்த அதே சூடு; பெற்றவள் கைக்கு அது தெரியாதா? அவள் மேற்கொண்டு ஏசவில்லை. துண்டை நனைத்துச் சுவரைத் துடைக்க ஆரம்பித்தாள். கொத்தனார் வந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். சாயங்காலம் சுவர் ஆறியது. மேலே பிள்ளைக்கும் காய்ச்சல் இறங்கியிருப்பதாக நர்ஸ் வந்து சொன்னாள். மருந்தா தண்ணீரா என்று ஆராயாமல் அம்மா துண்டைப் பிழிந்துகொண்டு மேலே ஓடினாள்.

அடுத்த வாரம் பெரிய டாக்டர் கட்டிலருகே வந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அம்மா கட்டில் கம்பியைப் பிடித்தபடியே தரையில் சரிந்தாள். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

"எதிர்ல நிக்குதே, அந்த வீட்டுக்குத்தாம்மா. ரத்தம் தேறியிருக்கு. அடுத்த மருந்து வரைக்கும் அங்க இருக்கட்டும். இந்தக் கட்டிலுக்கு ஆள் காத்துட்டிருக்கு."

"எழுந்திரும்மா," என்றாள் வாயாடி. பல வாரங்களுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. "வீட்டுக்குன்னுதானே சொன்னாரு. இதுக்குப் போயி யாராவது தரையில உக்காருவாங்களா?"

சிகிச்சை அதன்பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. முடிந்ததும் அவர்கள் ரயிலில் ஊர் திரும்பினார்கள். வீடு சில நாள் கழித்து வந்து, சற்றே கோணலாகப் பழைய இடத்தில் உட்கார்ந்தது. வாயாடிக்கு முடி சுருட்டையாக வளர்ந்தது, பேச்சும் கூடவே வளர்ந்தது. அம்மாவின் பயம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு முறை பரிசோதனைக்குப் போகும்போதும் வீடும் கிளம்பிவிடுகிறது. முடிவு வரும்வரை அவள் அதன் சமையலறையில், தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி இப்போதெல்லாம் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு, அந்தச் சுவரில் கட்டியிருக்கும் தன் துணிக்கொடியை முந்தின நாளே அவிழ்த்துவிடுகிறாள்.