தரை ஜன்னல்

1

இந்தக் கதை வியர்வையில் பிறந்தது. வேறு யாருடைய வியர்வையும் இல்லை, என்னுடையதுதான். ஒரு பல்கலைக்கழகத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். "ஏசியே இல்லாத கட்டடம் சார், உள்ள சிலுசிலுன்னு இருக்கும்" என்று பெருமையடித்து அழைத்துப் போனார்கள். பேச்சு பாதியைத் தாண்டுவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எந்தப் புண்ணியவான் கட்டினானோ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பேசி முடித்தேன். வீட்டில் முகம் கழுவும்போதுதான் உறைத்தது: கட்டியவருக்கு இந்தப் புழுக்கம் தெரியுமா? தெரிந்தால் மனசு என்ன பாடுபடும்?

எனக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "கண்ணாடிச் சுவர்களில் வெயில் பட்டுத் தெறித்த அந்தக் காலையில்..."

ஐயோ, வேண்டாம். வெயிலைத் தடுக்கத்தானே இந்தக் கட்டடம்? கண்ணாடிச் சுவரை எவன் வைத்தான்?

இரண்டாவது: "பூமி சூடாகிக்கொண்டே போகும் இந்நாளில் மனிதகுலம் தன் கட்டடங்களை..."

மனிதகுலம் கொஞ்சம் வெளியே காத்திருக்கட்டும். இரண்டாம் மாடியில் கணிதப் பேராசிரியை ஒருத்தி கேள்வித்தாளால் விசிறிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்க்க ஒருத்தி படியேறி வருகிறாள், இந்தக் கட்டடத்தை வரைந்தவள். பேராசிரியையின் அண்ணன் மனைவி.

மூன்றாவது தொடக்கம் இதுதான். ஓடுகிறவரை ஓடட்டும்.

3

வரைந்தவள் இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறினாள். மதியம் துணைவேந்தர் கமிட்டியோடு வருகிறார். உள்ளே இதே புழுக்கம் இருந்தால் நடுவில் கூரைக்கு மேல் எழும்பி நிற்கும் காற்றுக்கூண்டை மூடி, அறைக்கு அறை ஏசி மாட்டிவிடுவார்கள். அந்தக் கூண்டுதான் கட்டடத்தின் மூக்கு. மரநிழல் பக்கத்துக் குளிர்ந்த காற்று, சுவரடியில் இருக்கும் நீளமான தரை ஜன்னல்கள் வழியே உள்ளே வரும். சூடானது கூண்டு வழியே மேலே போகும். காகிதத்தில் கச்சிதமாக வேலை செய்தது. திறந்த புதிதிலும் செய்தது. அப்புறம் என்ன கேடு வந்ததென்று அவளுக்கு விளங்கவில்லை.

"வாங்க அண்ணி. வெந்துக்கிட்டு இருக்கோம், நீங்களும் வந்து உக்காருங்க."

[நாத்தனாரை வில்லியாக்கினால் என் வேலை சுலபம். ஒரு பக்கம் அப்படித்தான் எழுதினேன். அவள் ஒத்துழைக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.]

"கூண்டுக் கதவு திறந்திருக்கா?"

"எல்லாம் திறந்துதான் இருக்கு. யாரைப் பாத்தாலும் 'உங்க அண்ணி கட்டின அடுப்பு எப்படி இருக்கு'ன்னு கேக்கறாங்க. உங்களுக்காகத் தொண்டை கிழியப் பேசி இந்த வேலையை வாங்கிக் குடுத்தது நான். இப்ப தலை நிமிந்து நடக்க முடியலை."

வரைந்தவள் ஏதோ குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தாள். பேனா கீழே விழுந்ததாக வைத்துக்கொள்வோம். (மட்டமான உத்திதான். ஆனால் அவளைக் குனியவைத்தாக வேண்டுமே.) மேசைக்கடியில் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தரை ஜன்னல் இருக்க வேண்டிய இடம் முழுக்க நூல்கட்டுப் போட்ட விடைத்தாள் கட்டுகள். ஒன்றோடொன்று நெருக்கி, செங்கல் மாதிரி.

"என்னம்மா இது?"

"பழைய பரீட்சைப் பேப்பர்."

"ஜன்னல்ல ஏன்மா வெச்சே?"

"பின்ன? திருத்த உக்காந்தா ஒரு தாள் கையில நிக்கலை. ஒருத்தனோட பேப்பர் கூண்டுக்குள்ள போயி மொட்டைமாடியில கிடந்துச்சு. அதான் அடைச்சேன். இதைப் பாத்துட்டு மத்த டிபார்ட்மெண்ட்காரங்களும் அடைச்சுட்டாங்க."

[தாள் அவ்வளவு உயரம் போகுமா என்று ஒரு பொறியாளரிடம் கேட்டேன். "சான்ஸே இல்லை" என்றார். என் கதையில் போகும்.]

வரைந்தவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வாயைத் திறந்தாள். வெளியே வந்தது வேறு.

"மொட்டைமாடி வரைக்கும் போச்சா? அவ்ளோ நல்லா இழுத்துச்சா!"

"அண்ணி, உங்களுக்கு நெஜமாவே கிறுக்குதான்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியபோது வரைந்தவளுக்குத் தன் வரைபடம் நினைவுக்கு வந்தது. அதில் மரம் வரைந்திருந்தாள், மேசை வரைந்திருந்தாள், புத்தகப் பை மாட்டிய பிள்ளைகளைக்கூட வரைந்திருந்தாள். பல்கலைக்கழகத்துக்குத்தான் வரைந்தாள், ஆனால் எந்த மேசையிலும் ஒரு தாள்கூட வைக்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"தப்பு என்மேலதான்மா. ஜன்னலுக்கு முன்னாடி சாய்வா ஒரு பலகை வெச்சிருந்தா காத்து கால்மட்டத்தோட போயிருக்கும், மேசைக்கு வந்திருக்காது. இந்த வாரமே வெச்சுத் தரேன். இப்ப இதை எடுத்துடலாமா?"

"அடைக்க வழி காட்டினவளே நான்தானே." நாத்தனார் போனை எடுத்தாள். ஒவ்வொரு துறையாக அதட்டினாள், கெஞ்சினாள். இயற்பியல்காரர் எழுத்துமூலம் உத்தரவு கேட்டார். அவரிடம் மட்டும் கத்தினாள்.

4

மாடி மாடியாகக் கட்டுகள் வெளியே வந்துவிட்டன. தூசியில் எல்லோரும் தும்முகிறார்கள். நாத்தனாரின் அறையில் ஒரே ஒரு கட்டு பாக்கி. போன மழையின் ஈரத்தில் ஊறி உப்பி, சட்டத்தில் சிக்கிக்கொண்டது. படிக்கட்டில் கமிட்டியின் பேச்சுச் சத்தம் கேட்கிறது.

முடிவு ஒன்று: கட்டு வருகிறது, காற்றும் வருகிறது, துணைவேந்தரின் மிச்சமிருக்கும் முடி எழுந்து நிற்கிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

முடிவு இரண்டு: அன்றைக்கென்று வெளியே இலைகூட அசையவில்லை. ஏசிக்காரன் அளவெடுக்க வருகி...

இல்லை. இதை எழுதக் கை வரவில்லை. எனக்கு அவர்கள் ஜெயிக்க வேண்டும்.

அப்படியானால் முதல் முடிவை எழுதிவிட்டுப் போயேன் என்பீர்கள். எழுதலாம்தான். ஆனால் விடைத்தாளை மொட்டைமாடிக்கு அனுப்ப ஏற்கெனவே ஒருமுறை வாயால் ஊதிவிட்டேன். மறுபடி ஊதினால் நானும் ஏசி மாட்டியவன்தான். இயந்திரம் வேண்டாம் என்றுதானே அவள் இத்தனை பாடுபட்டாள்? தானாக வருகிற காற்றுதான் அவளுக்கு வேண்டும். நான் செய்யக்கூடியது வழியைத் திறந்து வைப்பது மட்டும்.

அண்ணி தரையில் சப்பணமிட்டுக் கட்டின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறாள். நாத்தனார் மறுமுனையை. இரண்டு பேர் இழுத்தும் அசையவில்லை.

"இன்னும் ஒரு கை வேணும்" என்கிறாள் நாத்தனார், அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே. அறையில் வேறு யாரும் இல்லை. நான் வெளியே வந்துவிட்டேன்.

நீங்கள்தான் இருக்கிறீர்கள். கொஞ்சம் குனியுங்கள்.