சாப்பாட்டோடு விழுங்கிய காற்று

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள் நான். விளக்கை அணைத்துத்தான் வேலை. வந்தவர் மெஷினில் தாடையை வைப்பார். எதிரே ஒரு சாண் தூரத்தில் என் முகம். சரியாக அந்த நேரம் பார்த்து என் வயிறு கடமுடவென்று உருளும். "எதுல நல்லா தெரியுது, முதல்லயா ரெண்டாவதுலயா?" என்று சத்தமாகக் கேட்டு அதை அமுக்குவேன். மற்றதைப் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குவேன். சாயங்காலத்துக்குள் வயிறு உப்பி இடுப்புப் பட்டன் தெறிக்கப் பார்க்கும்.

அம்மா இறந்துபோன பிறகுதான் இந்தக் கூத்து. மானம் போய்விடுமே என்று மத்தியானம் யாரோடும் உட்கார மாட்டேன். என் அறையிலேயே நின்றுகொண்டு டப்பாவைக் காலி செய்துவிட்டு, வாய் வாசனைக்கு ஒரு சூயிங்கம். பின்கட்டில் லென்ஸ் தேய்க்கும் அக்கா தினமும் சாப்பிடக் கூப்பிடுவார். தினமும் எனக்குத் தலைவலி வந்துவிடும். அந்தக் கடையில் வேலையைத் தவிர வேறு ஏதாவது என்னிடம் பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

போன வாரம் அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். வெட்கத்தை விட்டு நானே போய் என்ன அக்கா என்றேன்.

"எங்கூட உக்கார பிடிக்கலன்னா விடு. எத்தனை தடவதான் கேக்குறது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. வருத்தமாகச் சொன்னார். என் அறைக்குத் திரும்பினேன்.

அன்றே டாக்டரிடம் போனேன். எடை குறைந்ததா, ரத்தம் போகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"சாப்பிட எவ்வளவு நேரமாகும்?"

"நின்னபடியே முடிச்சிடுவேன்."

"அதான். சாப்பாட்டோட காத்தையும் முழுங்குறீங்க. சூயிங்கம்மும் அதத்தான் செய்யும், விட்டுடுங்க. பயறு, முட்டைக்கோஸுல எது ஒத்துக்கலன்னு பாருங்க. சாப்பிட்டுக் கொஞ்சம் நடங்க. அடக்காதீங்க, எல்லாருக்கும் வர்றதுதான். யார்கூடயாவது பேசிக்கிட்டே சாப்பிட்டா தானா மெதுவாயிடும்."

யார்கூடயாவது. மருந்துக் கடையில் கிடைக்காத மருந்து.

வீட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அம்மாவின் நாற்காலி எதிரே இருந்தது. நான் அவசரமாக அள்ளிப் போடும்போதெல்லாம் அங்கிருந்து ஒரே கேள்விதான் வரும்: "யாரு துரத்துறா?" நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அழுதேன். மிச்சத்தை அடுப்படியில் நின்றே முடித்தேன்.

மறுநாள் டப்பாவோடு பின்கட்டுக்குப் போய் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டேன். "அக்கா, எனக்கு வாயு. சத்தம் வரும், நாத்தமும் வரும். அதான் வரல." காது மடல் சுட்டது.

அக்கா சிரிக்கவில்லை. எழுந்து ஜன்னலைத் திறந்தார். லென்ஸே வைக்காமல் தேய்க்கிற மெஷினை ஓடவிட்டார். அந்த இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது. பிறகு ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

உட்கார்ந்தேன். பழக்கதோஷம், அள்ளி அள்ளிப் போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, மெஷின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார்.

"மெதுவா சாப்பிடு. யாரு துரத்துறா?"

மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அக்கா தண்ணீரை என் பக்கம் நகர்த்திவைத்தார். பிறகு மென்றேன், மெதுவாக.