கிண்டி வரைக்கும்

வலது கால் பெடலை அழுத்துகிறது, விரல்கள் வெளுத்துப்போகும்வரை அழுத்துகிறது, சக்கரம் அசையவில்லை, என் வீட்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார், கால் போச்சு புள்ள, என்கிறார், செத்தும் விடாத அந்த முகத்தை நான் எத்தனை தடவைதான் பார்ப்பது, இதோ பால்கனியில் மெக்கானிக் எபினேசர் அதே சைக்கிளைச் சாய்த்துப்போட்டு நெம்பிக்கொண்டிருக்கும்போதும் பார்க்கிறேன், அம்மா, இத காயலான் கடைக்குப் போட்டுடுங்க, துருவப் பாருங்க, என்கிறார், துருவைப் பார்த்தால் நானும்தான் அங்கே போகணும், நீ வேலையைப் பாருப்பா, என்கிறேன், என் முட்டிவலிக்கு சைக்கிள் மிதிக்கச் சொல்லிவிட்டார் டாக்டர், புதுசு வாங்கிக்கோம்மா என்று மகன் போனில் கத்துகிறான், எனக்கெதற்குப் புதுசு, நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள் ஒன்று வருஷக்கணக்காக என் புடவைகளைச் சுமந்துகொண்டு கொடிக்கம்பியாக நிற்கிறதே.

அவருக்கு வாங்கியது அது, தாம்பரத்துக்கும் பிராட்வேக்கும் பஸ் ஓட்டியே ரிட்டயர் ஆனவர், பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து, மெல்ல எழுந்து உட்கார்ந்து, நகராத சைக்கிளுக்கும் ரூட் போட்டுக்கொண்டார், இடது காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு விழுந்த வலது காலால் மட்டும்தான் மிதிப்பார், குரோம்பேட்டை வந்துட்டேன் புள்ள, காப்பி கொண்டா, என்பார், கை காட்டினா நிறுத்தணும் டிரைவரே, என்று நான் கரண்டியை நீட்டுவேன், சிரிப்பார், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், அதுவும் அவருக்கு அழகாகத்தான் இருந்தது, ஒரு வாரம் பல்லாவரம், அடுத்த வாரம் மீனம்பாக்கம், ஆயுத பூஜைக்கு முதல் நாள் கிண்டி, பிராட்வே போய்ச் சேர்ந்தேன்னு வையி, கைத்தடியத் தூக்கிப் போட்டுட்டு நடப்பேன் பாரு, என்றார், நடப்பார் என்றுதான் நானும் இருந்தேன்.

பூஜையன்று, டிப்போவில் பஸ்ஸுக்குச் செய்கிற மாதிரியே சைக்கிளுக்கும் சந்தனம், ஹேண்டில்பாரில் மாலை, சக்கரத்தடியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம், நகராத வண்டி எப்படிங்க பழத்த நசுக்கும், என்று நான் சிரிக்கிறேன், ஏன் நசுக்காது, என்று வீம்பாகக் குனிந்து பழத்தைச் சக்கரத்துக்கும் கவருக்கும் நடுவில் செருகி, பெடலைக் கையால் ஒரே தள்ளு, சாறு பீச்சியடிக்கிறது, பாத்தியா, திருஷ்டி கழிஞ்சுது, என்கிறார், பழம் எங்கே போனது என்று யார் பார்த்தார்கள், அன்றைக்கு வண்டிக்கு ஓய்வு, மிதிக்கக் கூடாது, மறுநாள் விஜயதசமி, குளித்து விபூதி பூசி, சைதாப்பேட்டை போயிட்டு வந்துடறேன், என்று ஏறி உட்கார்ந்தார், வலது கால் அழுத்துகிறது, சக்கரம் அசையவில்லை.

வண்டியில் கோளாறு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும், கோளாறெல்லாம் அவர் உடம்பில்தான் என்று வீடே பழகிப்போயிருந்தது, தைலம் தேய்த்தேன், வேண்டாத சாமியில்லை, இன்னொரு தடவை ஏறிப் பாருங்களேன் என்று கெஞ்சினேன், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், தை பிறப்பதற்குள் போய்விட்டார், கால் போச்சுன்னதும் மனசு விட்டுட்டாரு, என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் நானே சொன்னேன்.

அம்மா, இத பாருங்க, எபினேசர் கவரைக் கழற்றி எதையோ நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டுகிறார், கறுத்து, கல்லாகி, ஒரு பக்கம் சப்பையாகி, மடிப்பில் இன்னும் குங்குமம், எலுமிச்சம்பழம், ஆப்பு அடிச்ச மாதிரி மாட்டிக்கிச்சும்மா, பயில்வானே மிதிச்சிருந்தாலும் சுத்தியிருக்காது, யாரும்மா இதப்போய் இங்க வெச்சது, என்று சிரிக்கிறார், அப்படியென்றால் அந்தக் கால், நான் தைலம் தேய்த்த கால், அது நன்றாகத்தானே இருந்திருக்கிறது, பாவி மனுஷா, பிராட்வே வரைக்கும் போயிருப்பாயே, எபினேசர் துருவைத் தேய்த்து எண்ணெய் விட்டு, சைக்கிளை நிமிர்த்தி, பெடலை ஒரு விரலால் தட்டுகிறார், சக்கரம் சுற்றுகிறது, ஏறி மிதிச்சுப் பாருங்கம்மா, என்கிறார், எப்படி ஏறுவேன், சீட் இன்னும் அவர் உயரத்தில் இருக்கிறது, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏங்க, உங்க காலுக்கு ஒண்ணுமே ஆகலீங்க, வண்டிதாங்க, என்கிறேன், எபினேசர் ஒன்றும் புரியாமல் என்னையே பார்க்கிறார், யாரும் மிதிக்காமல் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது.