பிரேக் சத்தம்

"எலே, தள்ளுங்கலே! பந்தல்காரன் எவ்வளவு நேரம் நிப்பான்?" என்று முற்றத்தில் நின்று அதட்டினாள் சுகிர்தபாய். தம்பி சுந்தரதாஸின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து பத்து மணிக்கு வந்துவிடும். சவப்பெட்டி வைக்க வேண்டிய நடுமுற்றத்திலோ, நேற்று மாலை அவர் நிறுத்திய எஸ்டீம் கார் நிறுத்தியபடியே நின்றது.

சாவி காரிலேயே இருந்தது; ஆனால் சாவு வீட்டில் எஞ்சினை உறுமவிட யாருக்கும் மனமில்லை. பக்கத்து வீட்டு மோகனன் உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தான். நாலு பேர் பின்னால் கைவைத்தார்கள்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி விமலகுமாரியின் பக்கம் திரும்பினாள் சுகிர்தபாய். விடிந்ததிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான்.

"நீ எப்பிடி விமலா கேக்காம இருந்த? தம்பி பிரேக்கு பிடிச்சா பாறசாலை ஸ்டேஷன் வரைக்கும் கேக்குமே!"

"தெரியல்ல அக்கா."

உண்மையிலேயே தெரியவில்லை. புருஷன் போன துக்கத்துக்கு நடுவிலும் அந்தக் கேள்வி அவளையும் குடைந்துகொண்டிருந்தது. கேட்காமல் எப்படிப் போகும்?

பாறசாலையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த மனுஷனுக்கு வண்டி என்றால் கிறுக்கு. எஞ்சினைக் கழற்றி வேகம் ஏற்றுவார், பொன்முடி இறக்கத்தில் பறப்பார், வருஷத்துக்கு ஒருமுறை கோயம்புத்தூருக்குப் பந்தயம் ஓட்டப் போவார். அதற்கென்று மாட்டிய இரும்புக் கலவை பிரேக் பேட் போட்ட கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்கு வரும்போது கேட்டருகிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, சரிவில் உருட்டியே முற்றத்துக்கு வருவார். கடைசியில் ஒரு பிரேக். கீச்ச்! அதைக் கேட்டுத்தான் விமலகுமாரி அடுப்பில் சாயாவுக்குத் தண்ணீர் வைப்பாள். நாலு வருஷமாக அதுதான் வழக்கம்.

நேற்றும் அடுக்களையில் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றாள். ஏழு மணிக்கு வராந்தா லைட்டைப் போட வந்தவள் காரைக் கண்டாள். ஸ்டியரிங்கில் அவர் தலை சாய்ந்து கிடந்தது. கையில் சூடு ஆறவில்லை. மாரடைப்பு, அரைமணி முன்பு கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

கார் அசைந்தது. முற்றம் தாண்டி, தென்னந்தோப்பு இறக்கத்தில் தானே உருள ஆரம்பித்தது.

"சவுட்டுலே மோகனா! பிரேக்க சவுட்டு!"

மோகனன் மிதித்தான். கார் நின்றது. சத்தமே இல்லை.

விமலகுமாரி எழுந்துவிட்டாள். மற்றவர்கள் பந்தல்காலைப் பிடிக்க ஓட, அவள் தோப்பில் இறங்கி மோகனனிடம் சாவியை வாங்கி டிக்கியைத் திறந்தாள். நேற்றைய பேப்பரில் ஒரு பொட்டலம். பிரித்தால் பழைய பிரேக் பேட்டுகள், கைநிறையக் கரி.

அப்படியென்றால் காரில் மாட்டியிருப்பது, ஓணத்துக்கு மஸ்கட்டிலிருந்து கொழுந்தன் ரெத்தினதாஸ் கொடுத்துவிட்ட செராமிக் பேட்! மூன்று மாதமாகப் புருஷன் அதை வைத்துக்கொண்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டார். சாப்பாட்டிலும் அதே பேச்சு.

"செராமிக்குன்னா எத்தன இறக்கம் இறங்கினாலும் சூட்டுல தளராது விமலா. கரி கிடையாது, சத்தம் கிடையாது. ஆனா முதல் சவுட்டுக்குப் பழசு மாதிரி கடிக்காதாம். மாத்தவா, வேண்டாமா?"

போன ஞாயிறு சர்ச் வாசலில் பிரேக் அலறியதும் சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. இவளுக்குப் பொறுக்கவில்லை. "மாத்தித் தொலையுங்கோ! மானம் போவுது."

மாற்றிவிட்டார். நேற்றுத்தான், கடையில் வைத்து, தன் கையால். வந்து சொல்லலாம் என்று இருந்திருப்பார். 'பாவி மனுஷா, என் பேச்சையா கேக்கணும்?' என்று காரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காது அடைத்துப் போகவில்லை, கவனம் தப்பவில்லை. அந்த ஆறுதல் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

மதியம் விமான நிலையத்திலிருந்து டாக்சியில் வந்து இறங்கிய ரெத்தினதாஸ் பெட்டியின் மேல் விழுந்து கதறினான். கொஞ்சம் தெளிந்ததும் விமலகுமாரியின் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான்.

"மைனி, போன வாரமும் அண்ணன் போன் பண்ணிச்சு. பேட்ட மாத்தவா வேண்டாமான்னு. நான்தான், கண்ண மூடிட்டு மாத்துண்ணான்னேன். மாத்திச்சா?"

அவன் கண்கள் வீங்கியிருந்தன. விமலகுமாரி அவனையே பார்த்தாள்.

"இல்ல தம்பி. அதுக்குள்ள போயிட்டாரு."

"மாத்தியிருந்தா அதுக்க சுகம் தெரிஞ்சிருக்கும்." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சாவி எங்க மைனி? கல்லறைக்கு அண்ணனுக்க வண்டிய நான் பின்னால ஓட்டிட்டு வாறேன்."

"சாவியக் காணல்ல மக்கா."

பாட்டு முடிந்து போதகர் ஜெபம் சொன்னார். பெட்டியை மூடும் நேரத்தில் சுகிர்தபாய் நெஞ்சில் அடித்துக்கொண்டு, கூடியிருந்தவர்கள் எல்லாரும் கேட்கக் கத்தினாள்.

"அரைமணி நேரம் என் தம்பி முற்றத்துல கிடந்தானே! நீ எப்பிடிடி கேக்காம இருந்த?"

ரெத்தினதாஸும் நிமிர்ந்து பார்த்தான்.

"கண்ணசந்து போச்சு அக்கா," என்றாள் விமலகுமாரி.

பெட்டியைத் தூக்கினார்கள். அவள் சேலைத் தலைப்புக்குள் கையை மூடிக்கொண்டு பின்னால் நடந்தாள். சர்ச் ஏற்றம் வரைக்கும் சாவியின் பல் உள்ளங்கையில் குத்திக்கொண்டே வந்தது.