வீட்டுக்கொரு அக்கவுண்ட்

"உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஏதாவது ஒண்ணு ஈக்குதா, தங்கச்சி?"

அம்ஹர் இதைச் சாதாரணமாகத்தான் கேட்டான். மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போட்டோ கொப்பி, போனுக்கு ரீலோட், பாஸ்போர்ட் படம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே கதவைத் திறந்து வைத்திருக்கும் கொமினிகேஷன் கடை அவனுடையது. வருகிறவர்களுக்குப் போனில் அக்கவுண்ட் திறந்து கொடுப்பதும் அவன்தான். பெயர் கேட்பான், பிறந்த தேதி கேட்பான். பாஸ்வேட் என்று வந்துவிட்டால் யாரிடமும் ஒன்றும் கேட்கமாட்டான். கடையின் பெயரையும் கடை நம்பரையும் சேர்த்துத் தானே அடித்துவிடுவான். மறந்துவிட்டு வந்து தலையைச் சொறிகிறவர்களுக்கு எடுத்துச் சொல்ல அதுதான் வசதி. பாதி மாத்தளை அந்த ஒரே சாவியில்தான் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

டிலானிக்கும் அதையே அடிக்கப் போனான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வாயால் சொல்லவில்லை. வெளியாட்களிடம் அவளுக்குத் தலைதான் பேசும். அதனால்தான் அம்ஹர் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டி வந்தது.

டிலானி யோசித்தாள். அவளுக்கு மட்டும் தெரிந்தது என்று அந்த வீட்டில் என்ன இருக்கிறது?

அவர்களுடைய வீட்டில் மின்சார மீட்டர் ஒன்று, தண்ணீர் மீட்டர் ஒன்று, அக்கவுண்ட்டும் ஒன்று. அண்ணன் துஷ்யந்தன் ஸ்டாண்டில் ஓட்டோ ஓட்டுகிறவன். முதன்முதலில் நல்ல போன் வாங்கியபோது இதே கடையில் திறந்த அக்கவுண்ட் அது. பிறகு டீவி வந்தது. அதிலும் அதையே போட்டான். அவன் புதுப் போன் வாங்கியதும் பழைய போன் தங்கைக்கு வந்தது. அதிலும் அதுவே இருந்தது. வீட்டுக்கு ஒன்று போதாதா என்பது அவன் எண்ணம். அதில் யாருக்கும் குறை தெரியவில்லை.

டீவிதான் சில நேரம் கொஞ்சம் விநோதமாக நடந்துகொண்டது. அப்பா சோமசுந்தரம் கராம்பு, மிளகுக் கடையில் மூட்டை தூக்கிவிட்டு வந்து பக்திப் பாட்டுப் போட உட்கார்ந்தால், பாட்டுக்கு மேலேயும் கீழேயும் முடி வளர எண்ணெய், வழுக்கையில் முடி முளைக்க வெங்காயச் சாறு என்று வரிசையாக வந்து நிற்கும். அப்பாவுக்குத் தலையில் முடி என்று எதுவும் மிஞ்சாமல் போய் வெகுகாலம்.

"இந்தப் பொட்டி என் தலையப் பார்த்துத்தான் காட்டுது, பேச்சி," என்பார் அம்மாவிடம். "என்னயக் கேலி பண்றதுக்குன்னே காசு குடுத்து வாங்கி வச்சிருக்கோம்."

அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். அண்ணனும் சிரிப்பான், தொப்பியைச் சற்றுக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு. டிலானி மட்டும் சிரிக்கமாட்டாள். ஏனென்றால் அந்த வெங்காயச் சாற்றைப் போனில் தேடுகிறது யார் என்று அவளுக்குத் தெரியும்.

அண்ணன் எடுக்கிற படமெல்லாம் அவளுடைய போனிலும் வந்து விழுந்துகொண்டிருந்தது. ஓட்டோப் படம், கூட்டாளிகள் படம், இடையிடையே ஓர் உச்சந்தலை. கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஒரு மாதிரிக் குத்துமதிப்பாக எடுத்த படங்கள். சுழிக்கு நடுவில் ஒரு சின்ன வெளிச்சம். அடுத்த படத்தில் எண்ணெய் பூசிய அதே வெளிச்சம். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம் பெரிய வெளிச்சம். வீட்டில் அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொப்பி போடுவதை ஸ்டைல் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு மட்டும் தெரிந்தது அது ஒன்றுதான். ஆனால் அது அவளுடையது இல்லையே. அடுத்தவரின் சாமானை எடுத்துத் தன் கதவுக்குப் பூட்டாகப் போடலாமா?

புது அக்கவுண்ட் வேண்டும் என்று அவள் வந்து நின்றதற்குக் காரணம் நப்லா. கொங்காவலையில் தையல் கடை வைத்திருக்கும் நப்லா, பெண்களுக்கு மட்டும் பிளவுஸ் வெட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாடங்கள் வாட்ஸ்அப்பில் வீடியோவாக வரும். டிலானி பழைய பேப்பரில் வெட்டிப் பார்த்து, பிறகு அம்மாவின் பழஞ்சேலையில் வெட்டி, படம் எடுத்து அனுப்புவாள். கடைசி வகுப்பு மட்டும் எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோவில் வந்து, நப்லா பார்த்துக்கொண்டிருக்க, பிளவுஸுக்குக் கை வெட்ட வேண்டும். நன்றாக வெட்டுகிற ஒருத்திக்குக் கடை வேலையை வீட்டுக்கே அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். துணி ஓட்டோவில் வரும், தைத்தது ஓட்டோவில் போகும். யார் முகத்துக்கு முன்னாலும் போய் நிற்கத் தேவையில்லை.

டிலானிக்கு அப்படி ஒரு வேலைதான் வேண்டும். வகுப்பில் எழும்பி வாசி என்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும் என்பதற்காகவே பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பிறகு போகச் சொல்வதையும் வீட்டில் விட்டுவிட்டார்கள்.

அந்தக் கடைசி வகுப்புக்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் வைத்தாள் நப்லா. டிலானி லிங்கை அழுத்திக் காத்திருந்தாள். கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குரூப்பில் நப்லாவின் குரல் வந்தது. "பிள்ளைகளே, 'துஷி பொஸ்'னு ஒரு ஆம்பிளை உள்ளுக்கு வரப் பார்க்கிறாரு. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ஓட்டோவில சாஞ்சிக்கிட்டு ஒரு படம். யாருடைய ஆள் இது? நாங்க தலையில முந்தானி இல்லாம உட்கார்ந்து ஈக்கிறோம், வெட்கமில்லையா இவருக்கு?"

குரூப்பில் சிரிப்புப் பொம்மைகள் கொட்டின. அக்காவைத் தாத்தா என்று கூப்பிடும் ஒருத்தி, "ஆள் பரவாயில்லை, உள்ளுக்கு எடுங்க தாத்தா" என்றாள். டிலானி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். பிறகு ஒருவாறு தைரியம் வந்து, அது தன் வீட்டு அக்கவுண்ட் என்று நப்லாவுக்குத் தனியாக எழுதினாள். பதில் கனிவாகத்தான் வந்தது. "கோபமில்லை தங்கம். ஆனா உங்க பேர்ல வந்தா தான் கதவு திறப்பேன். மத்தப் பிள்ளைகளுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

அண்ணனிடம் கேட்கலாம். கேட்கிற வசனத்தையும் மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தாள். அவன் சோறு தின்ன உட்காரும்போதெல்லாம் அது தொண்டை வரை வந்து திரும்பிப் போனது. கடைசியில் டீவியில் ஒரு வீடியோ பார்த்து, போனில் இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தி, உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்தாள். எல்லாம் போனால் அண்ணனின் அக்கவுண்ட்டும் போய்விடும் என்று கணக்குப் போட்டாள். போனோ புதிதாகப் பிறந்த மாதிரி வணக்கம் சொல்லிவிட்டு, முன்பு இருந்த அக்கவுண்ட்டைக் காட்டு, அப்போதுதான் திறப்பேன் என்று பிடிவாதமாக நின்றது. இன்று பின்னேரம் வகுப்பு. அதனால்தான் காலையிலேயே அம்ஹரின் கடைக்கு வந்துவிட்டாள்.

"நான் பார்க்கல, நீங்களே அடிங்க," என்று அம்ஹர் கீபோர்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு, கொப்பி எடுக்க வந்திருந்த ஓர் அக்காவைக் கவனிக்கத் திரும்பினான். டிலானி அடித்தாள். என்ன அடித்தாள் என்பது இந்தக் கதையைச் சொல்கிறவருக்கும் தெரியாது. அடித்து முடித்தபோது அவள் முகம் கொஞ்சம் வெளுத்து, கொஞ்சம் சிவந்து இருந்தது.

அவளுடைய சிம்மைத் தன் பொத்தான் போனில் போட்டு, வந்த கோட் நம்பரை அடித்து, அம்ஹர் அக்கவுண்ட்டைத் திறந்துவிட்டான். அதன் பிறகு பூட்டிக் கிடந்த போனைக் கையில் எடுத்தான்.

"இதுக்கு அண்ணன்ட பாஸ்வேட் வேணும். அது கடைப் பாஸ்வேட் தான், எனக்குத் தெரியும். ஆனா அடிச்ச உடனே அவர்ட போனுக்கு ஒரு கேள்வி போகும். அவர் 'ஆமா'ன்னா தான் இது திறக்கும்."

டிலானி வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் அவன் அடித்துவிட்டான்.

ஸ்டாண்ட் எதிரில்தான். கொஞ்ச நேரத்துக்குள் துஷ்யந்தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடி வந்தான்.

"அம்ஹர்! எவனோ என் அக்கவுண்ட்டுக்குள்ள பூந்துட்டான்டா! உள்ள வர்றது நீங்களான்னு கேக்குது. நான் எங்க உள்ள வந்தேன், வெளிய ஓட்டோவுலல்ல உட்கார்ந்திருக்கேன்..." அப்போதுதான் தங்கையைக் கண்டான். "ஏய், நீ என்னா இங்க?"

அம்ஹர் விஷயத்தைச் சொன்னான். துஷ்யந்தனின் முகம் கறுத்தது.

"தனி அக்கவுண்ட்டா? வீட்டுக்கு ஒண்ணு இருக்குல்ல? அப்பா, அம்மா எல்லாம் அதுலதானே பார்க்குறாங்க. உனக்கு மட்டும் என்னா தனியா? ஒளிக்கிறதுக்கு என்னா இருக்கு?"

"தையல் கிளாஸ்..." என்றாள் டிலானி.

"என்னாது? வாயத் தொறந்து சொல்லு."

"அண்ணங்காரன் கேக்குறது ஞாயம்தானே," என்றார் கொப்பிக்குக் காத்திருந்த அக்கா. "பொம்பளப் புள்ள தனியா வச்சிக்கிட்டா வீட்டுல எப்படித் தெரியும்?"

"நீங்க வேற, அக்கா, சும்மா இரிங்க," என்றான் அம்ஹர். "மச்சான், உங்களுக்குத்தான் இது நல்லம். ரெண்டு போன்லயும் ஒரே அக்கவுண்ட் இருந்தா என்ன நடக்கும் தெரியுமா? போனைத் தாங்க, காட்டுறேன். நீங்க எடுக்கிற படம் இருக்கே, அதெல்லாம்..."

துஷ்யந்தன் போனைக் கவுண்டரில் வைத்தான். அம்ஹரின் விரல் படங்கள் இருக்கும் இடத்துக்குப் போனது. அக்காவும் எட்டிப் பார்த்தார்.

டிலானியின் கை படாரென்று போன் மேல் விழுந்தது.

"அதத் தொறக்காதீங்க!"

கடையே திரும்பிப் பார்த்தது. அது தன்னுடைய சத்தம் என்று அவளுக்கே உடனே பிடிபடவில்லை. கையை மட்டும் எடுக்கவில்லை.

"அது அண்ணனோட போன். யாரும் தொறக்க வேணாம்."

துஷ்யந்தன் அவளையே பார்த்தான். கோபம் முகத்தில் எங்கோ பாதியில் நின்றுபோய், வேறு ஏதோ அந்த இடத்துக்கு வந்தது. கை தானாகத் தொப்பிக்குப் போனது.

"படமெல்லாம்... உனக்கு வருதா?"

"ம்."

"எப்பயிருந்து?"

"நீங்க போன் குடுத்ததுல இருந்து."

"அம்மா?"

"அம்மாவுக்குப் பார்க்கத் தெரியாது. நான் யாருக்கும் காட்டல, சொல்லல."

"என்னா படம் அது?" என்றார் அக்கா.

"முத்துமாரியம்மன் தேர்ப் படம்," என்றாள் டிலானி, ஒரு நொடியும் தடுமாறாமல்.

"தேர்ப் படத்துக்கா இந்தக் கத்து கத்துன?"

டிலானி கையை எடுத்தாள். துஷ்யந்தன் போனை எடுத்தான். கேள்வி இன்னும் திரையில் காத்திருந்தது: உள்ளே வருவது நீங்களா? அவன் அதை ஒரு தடவை வாசித்தான். பிறகு கட்டைவிரலால் 'ஆம்' என்பதை அழுத்தினான்.

பூட்டிக் கிடந்த போன் ஒரு சின்ன அதிர்வோடு திறந்தது. அம்ஹர் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டான். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ஓட்டோ எல்லாம் மறைந்து, ஒரு பச்சை வட்டமும் அதன் பக்கத்தில் ஒரு பெயரும் வந்தன: டிலானி சோமசுந்தரம். படம் இல்லை. பெயர் மட்டும்தான். நப்லாவின் கதவுக்கு அது போதும்.

"நாலு மணிக்குக் கிளாஸ்ணே," என்றாள் டிலானி, கேட்கிற அளவுக்குச் சத்தமாக.

துஷ்யந்தன் அந்தப் பெயரைப் பார்த்தான். பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்கள் தலை வாருவதற்காக அம்ஹர் சுவரில் ஒரு கண்ணாடி மாட்டி, சீப்பை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். துஷ்யந்தன் அதன் முன்னால் போய் நின்றான். தொப்பியை மெல்ல மேலே தூக்கி, தலையைக் குனிந்து பார்த்தான். பிறகு அதே இடத்தில் வைத்து, முன்பக்கத்தை நேராக்கிக்கொண்டு, படியிறங்கி ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான்.